சிரட்டை வேலை: அறுபதுக்கு மேல் தொடங்குகிறவர்களுக்கு

தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஓய்வு வயது இப்போது 60. பணிக்கொடை கைக்கு வந்த முதல் மாதத்திலேயே மரம் கடையும் லேத், லேசர் வெட்டும் மெஷின் என்று விலை விசாரிக்கிறவர்களை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பார்க்கலாம். கைவேலையைத் தொழிலாக எடுப்பது நல்ல முடிவுதான். மெஷினில் தொடங்குவதுதான் தப்பு. முதல் ஆறு மாதத்துக்குப் பழக வேண்டியது கை. அதற்குத் தோதான பொருள் நம் வீட்டு அடுப்படியிலேயே கிடக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் கொட்டாங்கச்சி என்பார்கள், நமக்குச் சிரட்டை.

சிரட்டையை ஏன் சொல்கிறேன்? தேக்கில் ஒரு பலகை பாழானால் சில நூறு ரூபாய் போகும். மயிலாடிக் கல் வேலை நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெருமைதான். ஆனால் அறுபது வயதுத் தோளும் முதுகும் அந்தச் சுத்தியலைப் புதிதாகப் பழகாது. வடசேரி கோயில் நகை வேலையைச் சிறுவயதிலேயே பட்டறையில் உட்கார்ந்து பழக வேண்டும். சிரட்டை பாழானால் அடுப்பில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். முதல் நூறு சிரட்டை பாழாகத்தான் போகும். அந்த நூறையும் மனசு நோகாமல் பாழாக்க முடிவதுதான் இந்தப் பொருளின் பெரிய வசதி.

முதலில் சிரட்டையைப் பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும். இளசு ஆகாது. கருக்கு, அதாவது இளநீர்ப் பருவம் தாண்டிய அரைமுற்றலில் ஓடு வெளிறி, மெல்லிசாக இருக்கும். காய்ந்ததும் நெளியும், வாள் பட்டால் உதிரும். நன்றாக முற்றிய நெற்றுதான் வேண்டும், அதாவது குலையில் 11, 12 மாதம் நின்ற காய். அதன் ஓடு காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்து கறுப்புக்குப் போகும், கனம் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை வரும். ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. நெட்டை மரத்துப் பெரிய காயில் வளைவு குறைந்த பரப்பு அதிகம் கிடைக்கும். பொத்தான், கம்மல் போலத் தட்டையாக வர வேண்டிய வேலைக்கு அதைத் தேடி வாங்குங்கள். சின்னக் காய் அகப்பைக்கும் விளக்குக்கும் போதும்.

கொப்பரைக் களத்துச் சிரட்டை மலிவு. ஆனால் அது வெட்டுக்கத்தியால் ஒரே போடாகப் பிளந்த சிரட்டை. விளிம்பில் இருந்து உள்நோக்கி முடி போன்ற கீறல்கள் ஓடும், கண்ணுக்கே தெரியாது. புகைக்கூட்டில் காய்ந்தது என்றால் இன்னும் மோசம். இரண்டு சோதனை போதும். ஒன்று, இரண்டு சிரட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நல்லது கணீர் என்கும், கீறியது மொத்தென்று கேட்கும். இரண்டாவது, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, உலர்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்துவிடும். கீறல் மட்டும் தண்ணீரைக் குடித்துக் கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கோடு விளிம்பில் ஒரு விரல் நீளம்தான் என்றால் அந்த இடத்தை வெட்டித் தள்ளிவிட்டு மீதியை எடுக்கலாம். நடுவில் ஓடினால் அடுப்புக்குத்தான்.

கல்யாண மண்டபச் சமையற்கட்டில் ஒரே நாளில் மூட்டை சிரட்டை விழும். துருவலின் பல் உள்ளே வட்டவட்டமாகக் கோடு போட்டிருக்கும், அது தேய்த்தால் போகிற கோடுதான். சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் உடைக்கும்போதே பாதிக்குப் பாதி சரியாகப் பிளந்து தருவார். இப்போது கரி போடுகிறவர்கள் எடைக்கு வாங்குவதால் யாரும் சும்மா தரமாட்டார்கள். கேட்கிற விலையைக் கொடுத்து நல்லதாகப் பொறுக்கி எடுங்கள், அதில் பேரம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது நீங்களே அறுத்து எடுப்பது. கதம்பை (மட்டை) உரித்த தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்றுதான் இளக்கமானது. அதை ஆணியால் குத்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். காயின் இடுப்பைச் சுற்றி ஒரு அகலமான ரப்பர் வளையம் மாட்டி, அதன் ஓரமாகப் பென்சிலால் கோடு இழுங்கள். அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹேக்சா பிளேடால் ஓட்டின் கனம் வரைக்கும் மட்டும் அறுத்து, காயைச் சிறிது திருப்பி, மறுபடி அறுத்து, இப்படியே சுற்றி வர வேண்டும். ஒரே இடத்தில் நேராகக் கீழே இறக்கினால் மறுபக்கம் பிளேடு வெளியே வருகிற இடத்தில் ஓடு செதில் செதிலாகப் பெயரும். சுற்று முடிந்ததும் பருப்பில் கத்தியை விட்டு நெம்பினால் இரண்டாகும்.

பருப்போடு இருக்கும் பாதிகளை இரண்டு மூன்று நாள் வெயிலில் மல்லாத்தி வைத்தால் பருப்பு சுருங்கித் தானாகக் கழன்று வரும். வந்த உடனே சிரட்டையை நிழலுக்கு மாற்றிவிடுங்கள். வெறும் சிரட்டையைச் சித்திரை வெயிலில் விட்டால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து இழுக்கும், உள்பக்கம் ஈரமாகவே நிற்கும், ராத்திரியில் டப்பென்று வெடிக்கும். நிழலில் இரண்டு வாரம் கிடக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, தேங்காய் நாராலேயே தேய்த்துக் கழுவுங்கள். இதை விட்டால் பின்னால் மூன்று கேடு வரும்: பசை பிடிக்காது, எறும்பு வரும், ஆனி ஆடியில் உள்பக்கம் பச்சையாகப் பூஞ்சை பூக்கும்.

தொடக்கத்துக்கான கருவிகள் 5,000 ரூபாய்க்குள் அடங்கும். ஹேக்சா, கம்பி வாள், அரைவட்ட அரம், உருட்டு அரம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கை டிரில், சின்ன வைஸ், உப்புத்தாள், கண்ணாடி, மாஸ்க் இவ்வளவுதான். கம்பி வாளுக்குப் பிளேடு மாட்டும்போது பல் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும், அதாவது கீழே இழுக்கும்போது வெட்ட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் தலைகீழாக மாட்டி, பத்து நிமிடத்தில் நாலு பிளேடை முறித்துவிட்டு, பிளேடு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். மேசை ஓரத்தில் நடுவே கவட்டை போல வெட்டிய ஒரு பலகையை இறுக்கி, அதன் மேல் சிரட்டையை வைத்து, வாளை நிமிர்த்திப் பிடித்து அறுங்கள். வாளைச் சாய்த்தால் பிளேடு முறியும். திருப்பத்தில் வாளைத் திருப்பக்கூடாது, சிரட்டையைத்தான் திருப்ப வேண்டும்.

மாஸ்க் விஷயத்தில் சமாதானம் கிடையாது. சிரட்டைத் தூள் மாவு போல மெல்லிசு, நேரே நெஞ்சுக்குப் போகும். மூக்கைச் சுற்றித் துவர்த்தை (துண்டை) கட்டிக்கொள்வதும் அறுவை அறையில் போடுகிற நீல மாஸ்க்கும் இதற்குப் பயன்படாது, என்95 தான் வேண்டும். ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்கள் மெஷினில் தேய்ப்பதையே விட்டுவிட்டு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற கறுப்பு உப்புத்தாளை மட்டும் வைத்து வேலை செய்யலாம். மெதுவாகத்தான் முடியும், ஆனால் தூள் பறக்காது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் பின்முற்றத்தில் உட்கார்ந்தால் தூள் முழுக்க முகத்துக்கே வரும். காற்றுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்புரை அறுவை முடிந்து புதிது என்றால் டாக்டர் சொல்லும் வரை தேய்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

சுழலுகிற மெஷின் பக்கத்தில் தோளில் துவர்த்து ஆகாது, தொங்குகிற சாரமும் (லுங்கி) ஆகாது, கையுறையும் ஆகாது. கையுறை காப்பாற்றும் என்று நினைப்பது வழக்கம். சக்கரம் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் மேசையிலேயே பஞ்சும் கட்டுத்துணியும் வைத்திருங்கள். சின்னக் கீறலே வெகுநேரம் கசியும். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மூடிய செருப்பு போடாமல் பட்டறையில் கால் வைக்கக்கூடாது, சிரட்டைச் சில் கண்ணாடிச் சில்லுக்குச் சமானம்.

சரி, அகப்பைக்கு வருவோம். முதலில் பழக வேண்டிய பொருள் இதுதான், கடைசி வரை விற்கிற பொருளும் இதுதான். கம்மலும் விளக்கும் மாறி மாறி மவுசு வரும் போகும். சிரட்டை அகப்பையை நம் ஊர்ப் பெண்கள் பார்த்தவுடன் கையில் எடுத்துக் கனம் பார்ப்பார்கள். அந்தக் கையில் நிற்க வேண்டும்.

கண் இல்லாத பாதியை எடுங்கள். விளிம்பு விட்டம் 10 சென்டிமீட்டர் அளவில், ஆழம் 4 அல்லது 5 சென்டிமீட்டர் வருமாறு வெட்டுங்கள். ஆழம் கூடினால் குழம்பு மொண்டதும் கை வலிக்கும், பாத்திரத்தின் அடியிலும் வழியாது. விளிம்பு சமமாக வர ஒரு வழி: தரை ஓடு ஒன்றில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சிரட்டையைக் கவிழ்த்து வட்டமாக அரைக்க வேண்டும், சந்தனக்கல்லில் சந்தனம் அரைக்கிற மாதிரி, அழுத்தாமல். விளிம்பு முழுக்க ஒரே வெளிர் நிறம் வந்தால் சமமாகிவிட்டது.

இனி துளை. எதிரெதிரே இரண்டு. உங்கள் பக்கத்துத் துளை விளிம்பில் இருந்து 12 மில்லிமீட்டர் கீழே, எதிர்ப்பக்கத்துத் துளை 18 மில்லிமீட்டர் கீழே. அந்த 6 மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் கைப்பிடி சற்று மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும், பாத்திர விளிம்பில் முட்டாது. முதல் துளை 10 மில்லிமீட்டர், எதிர்த் துளை 6 மில்லிமீட்டர். போடுகிற இடத்தில் ஒரு துண்டு ஒட்டும் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. உள்ளே ஒரு மரக்கட்டையைத் தாங்கக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிட் வெளிவருகிற இடத்தில் உள்பக்கம் காசு அளவுக்குச் செதில் பறக்கும். 2 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கி, 4, பிறகு வேண்டிய அளவு என்று கூட்டுங்கள். வேகம் குறைவாக வையுங்கள். புகை வந்தால், கருகிய வாடை அடித்தால் பிட் மழுங்கிவிட்டது, மேலே அழுத்தாதீர்கள். 12 மில்லிமீட்டருக்குக் குறைவாக விளிம்பை ஒட்டித் துளை போட்டால் ஒரு நாள் கைப்பிடியோடு விளிம்பும் சேர்ந்து வரும். கடையில் இருந்து திரும்பி வருகிற அகப்பையில் இந்தக் குறைதான் அதிகம்.

கைப்பிடிக்கு மூங்கில், கமுகு, அயினி மூன்றும் நல்லது. மரம் நேர் இழையாக இருக்க வேண்டும், ஒரு மாதமாவது நிழலில் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தைச் செருகினால் அன்றைக்கு இறுக்கமாக இருக்கும், மூன்றாம் வாரத்தில் ஆடும். 32 முதல் 35 சென்டிமீட்டர் நீளம். நுனி மெலிந்து இரண்டு துளைக்கும் இறுகப் பொருந்துமாறு சீவி, எதிர்த் துளைக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் நீட்டி, அந்த நீட்டலில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு மூங்கில் குச்சி முளையை அடியுங்கள். பசை வேண்டாம். அழகுக்காகப் பித்தளை ஆணி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புளிக்குழம்பிலும் மீன்கறியிலும் பித்தளை களிம்பு பிடிக்கும். சாப்பாட்டில் படுகிற எதிலும் உலோகம் சேர்க்காதீர்கள்.

தேய்ப்பதுதான் வேலையில் பாதி. வெளிப்பக்க நாரைப் பழைய கத்தியால் சுரண்டிவிட்டு 80, 120, 220, 320, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாள் போட வேண்டும். ஒரு நம்பரில் இடவலமாகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் மேல்கீழாகத் தேயுங்கள். முந்தின கோடு முழுக்க மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். அவசரத்தில் 80-இல் இருந்து 320-க்குத் தாவினால் அப்போதைக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கும். எண்ணெய் தொட்டவுடன் பூனை பிறாண்டிய மாதிரி வெள்ளைக் கோடுகள் கிளம்பும், திரும்ப 120-இல் இருந்து வர வேண்டியதுதான். வயதான கண்ணுக்கு நேர் வெளிச்சத்தில் இந்தக் கோடு தெரியாது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். 600 முடிந்த சிரட்டையை வெறும் உள்ளங்கையால் இரண்டு நிமிடம் தேய்த்தாலே மங்கலாக ஒரு பளபளப்பு வரும். அது வரவில்லை என்றால் எந்த மெழுகும் அதைக் கொண்டு வராது.

சாப்பாட்டுச் சாமானுக்கு மெருகு என்றால் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும்தான். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் அடை மெழுகு கிடைக்கும். 100 கிராம் எண்ணெய்க்கு 25 கிராம் மெழுகு, கோடையில் 30 கிராம். நேரடித் தீயில் வைக்காமல் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகிவிடும். வெதுவெதுப்பாகத் துணியில் தொட்டுத் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள். வார்னிஷ் அடித்த அகப்பை கடையில் மின்னும், ஒரு மாதத்தில் சாம்பாரில் தோல் உரியும். அதை வாங்கியவர் உங்களிடம் மறுபடி வரமாட்டார்.

விளக்கு, பேனாத்தாங்கி, பொம்மை போன்ற அலங்காரச் சாமானுக்கு அரக்கு பாலிஷ் அழகு. ஆனால் நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். இடவப்பாதி ஜூனில் தொடங்கும், துலாமழை அக்டோபரில் வரும். காற்றில் ஈரம் ஏறிய நாளில் அரக்கு பாலிஷ் போட்டால் காயும்போது பால் தெளித்தது போல வெளுக்கும். பாலிஷ் கெட்டது என்று நினைத்து மேலும் மேலும் பூசுவார்கள், வெளுப்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மழை விட்டு நல்ல வெயில் வந்த நாளில் ஸ்பிரிட் நனைத்த துணியால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழைக்காலத்தில் வெட்டுகிற, துளைக்கிற வேலையை முடித்துக் குவித்துவிட்டு, தை முதல் சித்திரை வரை மெருகு போடுகிற மாதிரி வருஷத்தைப் பிரித்துக்கொள்வது எளிது.

கிண்ணத்துக்கு அடிவளையம் ஒட்டும்போதும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கண் உள்ள பாதியின் தலைப்பக்கத்தில் இருந்து 5 சென்டிமீட்டர் விட்டத்தில் வளையம் அறுத்து எடுத்து, கிண்ணத்தின் வெளிவளைவில் பொருத்தினால் இடைவெளி விடும். அரம் போட்டுச் சரிசெய்யப் பார்த்தால் நாள் முழுக்க ஆகும். கிண்ணத்தின் மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி போர்த்தி, வளையத்தை அதன் மேல் வைத்துத் தேயுங்கள். கிண்ணத்தின் வளைவையே வளையம் எடுத்துக்கொள்ளும், கால் மணி நேர வேலை. ஒட்டுகிற இரண்டு பரப்பையும் 80 நம்பரில் சொரசொரப்பாக்கி, தின்னர் தொட்டுத் துடைத்து, இரண்டு குழாய் எபாக்சியைச் சரிபாதி கலந்து ஒட்டி, சைக்கிள் டியூப் வளையத்தால் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகை அவசரத்துக்கு உதவும், பலம் குறைவு. மெருகு போட்ட பிறகு ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது. சின்னக் குழி, புள்ளிகளை அடைக்கச் சிரட்டைத் தூளையே வைத்து அதன் மேல் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் நொடியில் கல்லாகும், பிறகு தேய்த்துவிடலாம். சாப்பாட்டுச் சாமானுக்கு இந்த வித்தை வேண்டாம்.

கம்மல் செய்கிறவர்கள் ஒரு ஜோடியை ஒரே சிரட்டையில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் இருந்து வெட்டுங்கள். வேறு வேறு சிரட்டையில் எடுத்தால் நிறம் ஒத்துவராது. கொக்கி மலிவு உலோகம் என்றால் காது அரிக்கும், துருப்பிடிக்காத நல்ல ஸ்டீலில் வாங்குங்கள். கன்னியாகுமரிக் கடைகளைப் பார்த்துவிட்டு கடல் சங்கையும் சிப்பியையும் சேர்த்து ஒட்ட ஆசை வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில சங்கு வகைகள் இருக்கின்றன. எது என்று அடையாளம் தெரியாமல் வாங்கி விற்பது வீண் வம்பு.

நல்ல வேலைப்பாடு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க திருவனந்தபுரம் போய் வரலாம், எஸ்எம்எஸ்எம் நிறுவனத்தின் விற்பனைக் கூடத்தில் கேரளக் கைவினைப் பொருள்கள் இருக்கும். 1956 நவம்பர் வரை நாமும் திருவிதாங்கூர்தானே, கைப்பழக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பித்தளை இழைத்த சிரட்டை வேலைக்குக் கேரளம் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு நம் பொருளை விற்கக்கூடாது.

இனி விலை. ஓய்வு பெற்றவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது, சறுக்கி விழுந்து அடுத்தவர் வயிற்றிலும் அடிக்கிற இடம். ஒரு அகப்பைக்குக் கணக்குப் போடுவோம். கைப்பிடி மரம் 15 ரூபாய், உப்புத்தாள் 8, எண்ணெய் மெழுகு 3, கரண்டும் பிளேடு தேய்மானமும் 6, உறை 8, மொத்தம் 40. கை பழகிய பிறகும் 50 நிமிடம் ஆகும். மணிக்கு 120 என்று வைத்தால் கூலி 100. ஆக 140. பத்தில் ஒன்று உடையும், அந்த நஷ்டத்தை ஒன்பதில் ஏற்றினால் 156. கடைக்காரர் 35 சதவீதம் எடுப்பார் என்றால் 156-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும், 240 ரூபாய். 156-இன் மேல் 35 சதவீதம் கூட்டி 210 என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு அகப்பையிலும் கிட்டத்தட்ட 20 ரூபாய் இழக்கிறார்கள், கணக்கு வாத்தியார்களே இதில் தவறுவது உண்டு. உங்கள் மரவிலையும் கூலியும் மாறலாம், வகுக்கிற முறை மாறாது.

“சாரே, உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே, ஒரு நூறு ரூவாய்க்குத் தாருங்களேன்” என்பார்கள். கொடுத்தால் என்ன ஆகும்? நூறில் கடைக்காரருக்கு 35, பொருள் செலவு 40, உங்கள் 50 நிமிடத்துக்கு 25 ரூபாய். உங்களுக்கு அது பரவாயில்லை, மாதம் பிறந்தால் பணம் வருகிறது. ஆனால் அதே கடையில் இதை மட்டுமே நம்பி வேலை செய்கிற ஒருவரின் அகப்பை 240 என்று தொங்கும். கடைக்காரர் அவரிடம் உங்கள் விலையைக் காட்டுவார். பென்ஷன் உங்கள் சாப்பாட்டுக்கு, வாங்குகிறவரின் தள்ளுபடிக்கு அல்ல. இலவசமாகக் கொடுக்க ஆசை என்றால் தங்கச்சி வீட்டுக்கும் பேரப்பிள்ளை பள்ளிக்கும் கொடுங்கள், சந்தை விலையில் கை வைக்காதீர்கள்.

கன்னியாகுமரியில் கார்த்திகை தொடங்கி தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்கள், பையில் அடங்குகிறதைத்தான் வாங்குவார்கள். அகப்பை, சாவிக்கொத்து, கம்மல் போகும், விளக்கு போகாது. விளக்கும் கிண்ணமும் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் காரில் வருகிறவர்கள், விடுதி, உணவகம் நடத்துகிறவர்கள் வாங்குகிற சாமான். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குத் தக்கலைப் பக்கம் சரக்கோடு போய் நிற்காதீர்கள். ஒவ்வொரு அகப்பையோடும் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், கொதிக்கிற பாத்திரத்தில் விட்டுவிட வேண்டாம், கழுவி நிழலில் காயவைத்து மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கவும்.

காகித வேலை குறைவுதான். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதற்குக் காசு கேட்கிறவர் இடைத்தரகர். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை இருந்தால் அரசு கண்காட்சிகளில் இடம் கேட்க உதவும். பொருள் விற்பனை வருஷத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டாத வரை உள்மாநில விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம்; வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வருமான வரியில்தான் மூத்தவர்களுக்கு இரண்டு கண்ணி இருக்கிறது. பென்ஷனும் வட்டியும் மட்டும் உள்ள அறுபது தாண்டியவர் முன்கூட்டி வரி கட்ட வேண்டியதில்லை. தொழில் வருமானம் என்று ஒரு ரூபாய் காட்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். பிடித்தம் போக வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் நின்றால், உத்தேச லாப முறையில் கணக்குக் காட்டுகிறவர் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். இந்த முறையில் வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். வழக்கமாகப் போடுகிற எளிய ரிட்டர்ன் படிவம் இனி செல்லாது, தொழில் வருமானத்துக்கான படிவம் போட வேண்டும். இரண்டாவது கண்ணி, பழைய வரி முறையில் இருக்கிறவர்களுக்கு. சம்பளக்காரர், பென்ஷன்காரர் வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் வந்துவிட்டால் பழைய முறைக்குத் தனிப் படிவம் கொடுக்க வேண்டும், அதிலிருந்து புதிய முறைக்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புத்தான். முதல் அகப்பையை விற்பதற்கு முன்னாலேயே இதைக் கணக்காளரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

கடைகளில் விற்றபின் பணம் என்று சரக்கு வைத்தால் இரட்டைப் பிரதி நோட்டு ஒன்று வைத்து, எண்ணிக்கையும் தேதியும் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இடவப்பாதி தொடங்கும் முன் விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துவிடுங்கள். கடையின் கண்ணாடி அலமாரிக்குள் மழைக்காலம் முழுக்கக் கிடந்த அகப்பை பூஞ்சை பிடித்துத்தான் வெளியே வரும். எடுத்து வந்ததை 400 நம்பரில் லேசாகத் தேய்த்து, மறுபடி எண்ணெய் மெழுகு போட்டு, துணிப்பையில் கட்டி அடுப்படிப் பரணில் வைத்தால் கார்த்திகை சீசனுக்குப் புதுச் சரக்குத்தான்.